ஐந்தாம் மருந்தின் உறக்கம்

தேரிப்புதூர் மருந்தகத்தை அன்னபாக்கியம் காலை ஆறு மணிக்குத் திறப்பாள். விளக்கைப் போடுவாள். கண்களை மூடி, இன்று என் கையால் யாருக்கும் தீங்கு நேரக் கூடாது என்று ஆண்டவரிடம் ஒரு வரியில் சொல்லிக்கொள்வாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நேற்று ஊரின் சாக்கடை என்ன சொல்லியிருக்கிறது என்று பார்ப்பாள்.

ஒவ்வொரு தெருவின் முனையிலும், கழிவுநீர்க் குழாய் பெரிய வாய்க்காலில் சேரும் இடத்தில், தேங்காய் அளவில் ஒரு கருவி தொங்கியது. அரசுக் காகிதங்களில் அதற்குக் கழிவுநீர் சென்சார் என்று பெயர். ஊரார் வடிகால் செவி என்றார்கள். மனிதர் விழுங்கும் மருந்தில் சிறிதளவு எப்படியும் உடலை விட்டு வெளியேறிவிடும். அந்தச் சிறிதளவைச் செவி கேட்டுக்கொள்ளும். எந்தத் தெருவில் எந்த மருந்து எவ்வளவு, எந்த நேரத்தில் என்று மருந்தகத்தின் திரையில் எழுதிவிடும். தெருவோடு சரி. வீட்டு வாசலுக்கு உள்ளே செவி வைக்கக் கூடாது என்பது சட்டம்.

அந்தத் திங்கட்கிழமை கிழக்குத் தெருவில் இரத்த அழுத்த மாத்திரை மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. மூவரில் ஒருவர் யார் என்று அவளுக்குத் தெரியும். ஏழு மணிக்கு அவரே வந்து நின்றார். லாரி ஓட்டும் தர்மராசு.

"அண்ணே, சனியும் ஞாயிறும் மாத்திரை போட்டீயளா?"

"போட்டேனே."

"சாக்கடை இல்லங்குதே."

"அது ஒரு கோள்மூட்டி." தர்மராசு தலையைச் சொறிந்தார். "கள்ளையும் மாத்திரையையும் சேத்துக் குடிக்கக் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன. அதான் மாத்திரைய விட்டேன்."

அன்னபாக்கியம் சிரித்துவிட்டாள். எதை விடச் சொன்னோம் என்பதை இன்னொரு முறை விளக்கினாள். பிறகு, சட்டப்படி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். மருந்தைச் செய்து தருவது அச்சு இயந்திரம். யாருக்கு எவ்வளவு என்று கணிப்பதும் அதுவே. ஆனால் வாங்குகிறவர் தன் சொந்த வார்த்தையில், இது எதற்கு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று ஒரு மனிதக் காதில் சொன்ன பிறகுதான் மருந்து மேசையைத் தாண்டும். அந்தக் காதுக்குத்தான் அன்னபாக்கியத்துக்குச் சம்பளம்.

தர்மராசுக்குப் பின்னும் பலர் வந்து போக, பத்து மணிக்குத்தான் அன்றைய கணக்கைத் திறந்து திரையின் அடிவரிக்கு வந்தாள். அங்கே ஏழு வரிகள் எப்போதும் காலியாக இருக்கும். உறங்கும் மருந்துகளின் வரிகள் அவை. அன்று ஐந்தாவது வரியில், பனைமரத் தெருவுக்கு நேராக, ஒரு சின்னப் புள்ளி இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். புள்ளி போகவில்லை.

*

பெருங்காய்ச்சல் ஆண்டுகளில் கிருமிகள் எல்லா மருந்தையும் கற்றுக்கொண்டுவிட்டன. ஒரு முள் குத்தினாலும் ஆள் போய்விடும் காலம் அது. புதிய மருந்து தேடியவர்கள் தேடிக்கொண்டே இருந்தபோது, யாரோ சிலர் பழைய மருந்துகளைப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். மருந்தை எதிர்க்கும் வித்தை கிருமிக்கு ஒரு சுமை. மருந்து இருக்கும்வரை அந்தச் சுமையைத் தூக்கித் திரியும். மருந்தே இல்லாத இடத்தில், சுமை தூக்கும் கிருமி பின்தங்கும். வெறுங்கையோடு திரிவது முந்திப் பெருகும். போதிய ஆண்டுகள் காத்திருந்தால் சுமைகாரர்கள் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவார்கள். கிருமி மறந்துவிடும்.

ஆனால் ஒரு வீடு காத்திருந்தால் போதாது. ஓர் ஊர் போதாது. ஒரே ஆற்றில் கழிவு சேரும் அத்தனை ஊர்களும், அந்த வடிநிலம் முழுவதும், சேர்ந்து அந்த மருந்தைத் தொடாமல் இருக்க வேண்டும். கடல் ஏறி வந்ததால் கரையை விட்டு இந்தச் செம்மணல் தேரிக்கு வந்து குடியேறியவர்களும், மேற்கே மலையடிவாரத்தில் இருப்பவர்களும், ஆடுமாடு வளர்ப்பவர்களும், எல்லோரும். அப்படித்தான் உறக்கமுறை வந்தது. ஒன்பது கிருமிக்கொல்லி மருந்துகளில் இரண்டு விழித்திருக்கும். ஏழு உறங்கும். ஒவ்வொன்றின் உறக்கமும் ஒன்பது ஆண்டு. உறங்கப் போகும் நாளில் ஊரார் தங்கள் வீட்டில் மிச்சமிருக்கும் அந்த மாத்திரைகளை உள்ளங்கையில் ஏந்தி வந்து, மருந்தகத்து வாசலில் உள்ள உலையில் போடுவார்கள். அதற்கு வழியனுப்பு என்று பெயர்.

ஐந்தாம் மருந்து விழிக்க இன்னும் முப்பத்தாறு நாள் இருந்தது.

இந்த நேரத்தில் அரைகுறையாக யாரேனும் அதை விழுங்கினால், மறந்த கிருமிகள் மட்டும் சாகும். மறக்காத ஒன்றிரண்டு, இடம் கிடைத்த மகிழ்ச்சியில் பெருகும். ஏழு நாளுக்குள் ஆளைக் கண்டுபிடித்துக் கழிவைத் தனியே பிரித்துவிட்டால் தப்பலாம். இல்லையென்றால் உறக்கம் மூன்று ஆண்டு நீளும்.

மூன்று ஆண்டு என்றதும் அன்னபாக்கியத்தின் நினைவுக்கு வந்தது ஒரு பாதம். உப்பளத்தில் வேலை செய்யும் முத்துப்பேச்சியின் வலது பாதம். குதிகாலில் உப்புக்கல் கிழித்த புண் எலும்புக்குள் இறங்கிவிட்டது. விழித்திருக்கும் இரண்டு மருந்துகளும் அவளிடம் தோற்றன. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார் மருத்துவர். ஐந்தாம் மருந்து விழிக்கும்வரை பொறுங்கள் என்று முத்துப்பேச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். புண்ணைக் கழுவிக்கொண்டே இருக்கும் ஒரு கூட்டுக்குள் காலை வைத்துக் கட்டி, அதுவரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் வீடு இருப்பது பனைமரத் தெருவில்.

*

செவ்வாய்க்கிழமையும் புள்ளி வந்தது. புதன்கிழமை காலை, வடிநில அலுவலர் வேதமூர்த்தி பனைமரத் தெருவின் முப்பத்திரண்டு வீட்டிலும் எல்லோருக்கும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க ஆணையிட்டார். மதியத்துக்குள் முடிவு வந்துவிட்டது. ஒரே ஒருவர் ரத்தத்தில்தான் ஐந்தாம் மருந்து இருந்தது.

"முத்துப்பேச்சி" என்றார் வேதமூர்த்தி, பேசுதிரையில். வருத்தமான முகம்தான். "அந்தப் பொண்ணோட அவசரம் எனக்குப் புரியுது. ஆனா நாலு லட்சம் பேரு காத்திருந்த மருந்தும்மா. மருந்து விழிச்சதும் யாருக்குக் குடுக்கணும்ங்கிற விழிப்புப் பட்டியல்ல இருந்து பேரை எடுத்துட்டேன். மாத்திரை எங்க கிடைச்சுதுன்னு கேட்டு வாங்குங்க."

"அவளுக்குக் கால் போயிருமே சார்."

"விதி நான் எழுதினதில்ல, அன்னபாக்கியம்."

அவள் நேரே முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனாள். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த முத்துப்பேச்சியின் கண் வீங்கியிருந்தது. செய்தி முந்திக்கொண்டு வந்துவிட்டது போலும்.

"நான் தொடல அக்கா."

"ரத்தத்துல இருக்கே பேச்சி."

"இருக்குன்னா எப்படி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சு எனக்கும் சொல்லுங்க. நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

அன்னபாக்கியம் அவளை நம்பினாள். காரணம் இருந்தது. இரண்டாம் மருந்து கொடுத்திருந்தபோது ஒரு நாள் முத்துப்பேச்சி நொண்டிக்கொண்டே மருந்தகத்துக்கு வந்து, "அக்கா, மழை வந்துட்டு, உப்ப மூட ஓடினேன், ரெண்டு வேளை விட்டுப்போச்சு" என்று தானாகவே சொன்னாள். மாத்திரையை விட்டதைக் கேட்காமலே வந்து சொன்னவர் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். சொல்ல வேண்டாத உண்மையைச் சொன்னவள், சொல்ல வேண்டிய உண்மையை ஏன் மறைப்பாள்?

மருந்தகத்துக்குத் திரும்பி, மூன்று நாள் புள்ளிகளையும் பெரிதாக்கிப் பார்த்தாள். நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. அதுவும் பழையது, பாதி வீரியம் போனது. காலை எட்டு மணி வாக்கில் விழுங்கியிருக்க வேண்டும். அன்னபாக்கியம் நெடுநேரம் யோசித்தாள். கால் போகிற அவசரத்தில் இருப்பவள் திருடித் தின்றால் நாளுக்கு ஒன்று தின்பாளா? கையில் கிடைத்ததையெல்லாம் விழுங்கியிருப்பாள். இது வேறு யாரோ ஒருவரின் நிதானம்.

*

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே அவள் முத்துப்பேச்சியின் கட்டில் அருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"முந்தாநாள் எந்திரிச்சதுல இருந்து வாயில என்னெல்லாம் போட்ட? ஒண்ணு விடாமச் சொல்லணும்."

"நேத்தே சொன்னேனே அக்கா. கஞ்சி, சோறு, ரசம்."

"பல்லு விளக்கினதுல இருந்து சொல்லு."

"பேஸ்டு."

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"நானே வாங்கினது. அப்புறம் தண்ணி குடிச்சேன். எங்க கெணத்துத் தண்ணி. கெணறு தோண்டினது யாருன்னு கேப்பிய போல."

"கேப்பேன். அப்புறம்?"

"அப்புறம் காப்பி. கோயில்பிள்ளை பெரியப்பா கொண்டாருவாவ. அவர் காத்தாடிக் கப்பலுக்கு வேலைக்குப் போன நாள்ல இருந்து" என்று காற்றில் ஓடும் சரக்குக் கப்பலில் இருக்கும் கணவனைக் குறிப்பிட்டாள், "அடுப்புப் பக்கம் நடக்க முடியலன்னு அவியதான் தெனமும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டாந்து தாறாவ. பாவம், தனிக்கட்டை." கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு சொன்னா அவியகிட்டச் சொல்லமாட்டீயளே?"

"சொல்லு."

"மூணு நாளா காப்பி கசக்கு. கருப்பட்டி காந்திப்போச்சு போல. வயசான காலத்துல நமக்குன்னு கொண்டாராவ, மனசு சங்கடப்படும்னு மூச்ச அடக்கிக் குடிச்சிட்டேன்."

அன்னபாக்கியத்தின் கை மடியில் அப்படியே நின்றது. வெளியே பனைகளுக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுவர்க் கடிகாரம் எட்டுக்குப் பத்து நிமிடம் காட்டியது.

எட்டு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கோயில்பிள்ளை வந்தார். அறுபத்தாறு வயது, நெட்டையான உருவம், வெள்ளைச் சட்டை. முன்பு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை பார்த்தவர். கையில் எவர்சில்வர் தம்ளர், மேலே ஒரு சின்னத் தட்டு மூடியிருந்தது. அன்னபாக்கியத்தைக் கண்டதும் நடை ஒரு கணம் தயங்கியது.

"என்ன பாக்கியம்மா, வெள்ளனே வந்துட்ட."

"சும்மாதான் அண்ணாச்சி. காப்பி வாசம் தூக்குதே. எனக்கு ஒரு வாய் தாங்களேன்."

"இது பிள்ளைக்கு."

"ஒரு வாய்தானே."

"ஒனக்கு வேற போட்டுத் தாரேன். இது வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி?"

தம்ளரின் மேலிருந்த தட்டு கலகலவென்று அடித்துக்கொண்டது. அன்னபாக்கியம் எழுந்து போய், தம்ளரை மெதுவாக வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவரைத் தன் ஸ்டூலில் உட்கார வைத்தாள். தான் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எத்தனை இருந்துச்சு?"

"நாலு." அவர் ஜன்னலில் இருந்த தம்ளரைக் காட்டினார். "இது கடைசி."

சட்டைப் பையிலிருந்து ஒரு நீல நிற மாத்திரை டப்பாவை எடுத்தார். ஏழு கிழமைக்கும் ஏழு அறை வைத்த பழைய டப்பா. ஒவ்வொரு மூடியிலும் ஊசி முனையால் கீறிய ஒரு குறி: திங்களுக்கு ஒரு புள்ளி, செவ்வாய்க்கு இரண்டு.

"தங்கபுஷ்பத்துக்கு எழுத்துத் தெரியாதுல்லா. அவளே கீறிவச்சா." மனைவி கீறிய புள்ளிகளைத் தடவிக்கொண்டே சொன்னார். "கால்ல கட்டி வந்து மருந்து சாப்பிட்டா. ஆறிப்போச்சுன்னு நாலு மாத்திரைய விட்டுட்டா. வழியனுப்பு அன்னைக்கு இது கட்டிலுக்கு அடியில கெடந்திருக்கு, பாக்கல. மழைக்காலத்துல காய்ச்சல் வந்துச்சு. முழிச்சிருந்த மருந்து கேக்கல. நான் இந்த டப்பாவக் கண்டெடுத்து, போட்டுக்கோன்னேன். ஊரே தூங்க வச்சிருக்கு, நான் எழுப்பமாட்டேன்னுட்டா. நானும் வற்புறுத்தல. நாலாம் நாள் போயிட்டா."

முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒம்பது வருசமாக் கேட்டுக்கிட்டே இருக்கேன், பாக்கியம்மா. வீட்டுக்குள்ள நாலு மாத்திரைய வச்சுக்கிட்டு ஒருத்தியச் சாக விட்டவன் நான். இந்தப் பிள்ளையும் காலு போயி கெடக்கப்போவுதேன்னு தாங்கல. எங்கிட்டத்தான் இருக்கே, யாருக்குத் தெரியப்போவுதுன்னு... நேத்து பேரையே எடுத்துட்டாவன்னதும், கடைசி ஒண்ணையாவது குடுத்துருவோம்னு..."

அன்னபாக்கியம் அவர் முழங்காலில் கை வைத்தாள்.

"அண்ணாச்சி, நான் சொல்லுததக் கேளுங்க. அந்தக் காய்ச்சலுக்கு இருபத்தெட்டு மாத்திரை வேணும். நாலு அவியளக் காப்பாத்தியிருக்காது."

அவர் நிமிர்ந்தார்.

"ஒரு நாள் காய்ச்சல் எறங்கியிருக்கும். நாமளும் பொழைச்சுட்டாவன்னு நெனச்சிருப்போம். அப்புறம் முன்னைவிட வேகமா ஏறியிருக்கும். நாலு மாத்திரைங்கிறது மருந்தே இல்ல அண்ணாச்சி. கிருமிக்கு நாம வைக்கிற ஒத்திகை."

"நெசமாவா சொல்லுத?"

"வேதத்து மேல ஆணையாச் சொல்லுதேன். நீங்க அவியளச் சாக விடல."

கோயில்பிள்ளை அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு குழந்தை கேட்பது போலக் கேட்டார்: "இத யாரும் எனக்குச் சொல்லலியே."

குற்றம் சுமத்திக் கேட்ட கேள்வி இல்லை அது. ஆனால் அன்னபாக்கியத்தின் நெஞ்சில் வந்து இறங்கியது. தங்கபுஷ்பத்தின் அடக்கத்துக்கு அவள் வந்திருந்தாள். இதே மனிதரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். அந்த வீட்டுக்கு எத்தனை மாத்திரை கொடுத்தோம், மிச்சம் இருந்ததா, அதைப் பற்றி இந்த மனிதர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. செத்தவர்களுக்கு மருந்து வேண்டாம் என்பதால் அந்த வீடு அவள் கணக்கிலிருந்தே போய்விட்டது. இப்போது சொன்ன வாக்கியம் ஒன்பது ஆண்டுகளாக அவள் வாயிலேயே இருந்திருக்கிறது. தெருவைத் தாண்டி வந்து சொல்ல அரை நாழிகை ஆகியிருக்கும்.

"நான் சொல்லியிருக்கணும்" என்றாள். "என்ன மன்னிச்சுக்கிடுங்க."

கட்டிலிலிருந்து முத்துப்பேச்சியின் குரல் வந்தது. "பாதித் தப்பு என்னுது. கசக்குன்னு மொத நாளே சொல்லியிருந்தா அதோட போயிருக்கும். நாளைக்கும் காப்பி கொண்டாங்க பெரியப்பா. ஆனா கருப்பட்டி மட்டும் போடுங்க."

*

அன்று மாலைக்குள் முத்துப்பேச்சியின் வீட்டுக் கழிவறைக்குத் தனிக்கலம் வைத்தார்கள். வாய்க்காலில் ஒரு சொட்டும் சேராமல், தினமும் அதை எடுத்துக்கொண்டு போய் எரிகுழியில் கொட்ட வேண்டும். அதற்கு அலுவலகம் ஒரு இயந்திர வண்டி அனுப்பியது. கோயில்பிள்ளை வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, தானே கையுறை மாட்டிக்கொண்டு தூக்கிப்போனார். ஒருவரும் தடுக்கவில்லை. தெருவில் ஒருவரும் மூக்கைப் பிடிக்கவும் இல்லை. நாலாம் நாளிலிருந்து தர்மராசு எதிர்ப்பட்டால் லாரியிலிருந்து இறங்கி எரிகுழி மூடியைத் திறந்து கொடுத்தார்.

அன்னபாக்கியம் அறிக்கை எழுதினாள். உறக்கத்தைக் கலைத்தவர் பெயர் என்ற இடத்தில் கோயில்பிள்ளையின் பெயரை மறைக்காமல் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இறப்பு நடந்த இந்த வீட்டுக்கு மருந்தாளுநர் போய் மீதி மாத்திரையை வாங்கவில்லை. அது ஏன் மருந்தாகாது என்று சொல்லவும் இல்லை. அந்த மருந்தாளுநர் நான்.

வேதமூர்த்தி திரையில் அதை இரண்டு முறை படித்தார்.

"உங்க உரிமத்துக்கே ஆபத்தும்மா இது."

"நடந்தது அதான் சார்."

"அவருக்கு ஒன்பது வருசம் மருந்துரிமை போயிருக்கணும். இப்படி எழுதிட்டா போகாது. ஒரு வருசத்துக்கு நீங்க கொடுக்கிற ஒவ்வொரு மருந்துக்கும் இன்னொரு மருந்தாளுநரோட கையெழுத்து வேணும்." விழிப்புப் பட்டியலைத் திறந்தார். "அந்தப் பொண்ணு பேரைத் திரும்பச் சேர்த்துட்டேன். ஆனா அவ புண்ணுல உள்ள கிருமி மறந்திருக்கான்னு விழிப்பு நாள்லதான் தெரியும். மூணு மாத்திரை போயிருக்கு உள்ள. நான் உறுதி சொல்ல முடியாது."

"எனக்கும் முடியாது சார்."

"இனிமே சாவு வீட்டுக்கு மருந்தாளுநர் போய் டப்பாவை வாங்கணும், சொல்லணும்னு கடைசில எழுதியிருக்கீங்களே. இதைச் சட்டத்துல எந்தப் பிரிவுல போடுறதுன்னே தெரியல."

"சட்டம் வேண்டாம் சார். வழக்கம்னு போடுங்க."

*

விழிப்பு நாளுக்கு முதல் நாள், நாற்பத்தொரு தெருவிலிருந்தும் வாய்க்கால் நீரை எடுத்து, உள்ளங்கை அளவுக் கண்ணாடித் தட்டுகளில் பரப்பினார்கள். ஒவ்வொரு தட்டிலும் கிருமிகளுக்குப் பிடித்த ஒரு மெல்லிய பாகு. நடுவில் ஐந்தாம் மருந்து ஒரே ஒரு சொட்டு. நாற்பத்திரண்டாவது தட்டு முத்துப்பேச்சியின் குதிகாலிலிருந்து எடுத்தது. தட்டுகளைக் கதகதப்பான பெட்டியில் வைத்து மூடினார்கள். மருந்துக்குக் கிருமி பணிந்தால், சொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் ஒரு தெளிந்த வட்டம் விழும். பணியாவிட்டால் தட்டு முழுவதும் மங்கிப்போகும்.

காலையில் மருந்தகத்து வாசலில் ஊரே நின்றது. கைக்குழந்தைகள்கூட, பெரியவர்களின் மௌனத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்தபடி இருந்தன. அன்னபாக்கியம் பெட்டியைத் திறந்து முதல் தட்டை எடுத்து வெயிலுக்கு நேரே உயர்த்தினாள்.

தட்டெங்கும் பால் சிந்தியது போல மங்கல். நடுவில் ஒரு வட்டம், கழுவி வைத்த கண்ணாடியைப் போல. அதன் வழியே பின்னால் நின்ற பனையின் ஓலை ஒவ்வொன்றும் தெரிந்தது.

கூட்டத்தில் ஒரு நீண்ட மூச்சு எழுந்தது. இரண்டாவது தட்டு. மூன்றாவது. ஒன்றன்பின் ஒன்றாக அவள் உயர்த்த உயர்த்த, வாசலில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுந்தது. இந்த வட்டத்தை யார் உண்டாக்கினார்கள்? ஒன்பது ஆண்டுகளில் இந்த வடிநிலத்தில் எத்தனை ஆயிரம் பேர் காய்ச்சலோடு படுத்து, ஒரு மாத்திரை போட்டால் சீக்கிரம் எழுந்துவிடலாம் என்று தெரிந்தும் போடாமல், கஞ்சி குடித்து, நாள் எண்ணிப் படுத்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. யாருக்காக என்றும் தெரியாது. எழுத்துத் தெரியாத தங்கபுஷ்பமும் அதில் ஒருத்தி. மனிதர் பொறுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர் மறந்தது. மறதியை இவ்வளவு சின்ன உயிருக்குள்ளும் வைத்தவரை நினைத்து அவள் மனதுக்குள் தலைவணங்கினாள்.

நாற்பத்தொன்று முடிந்தது. கடைசித் தட்டை எடுக்கும் முன் கூட்டத்தைப் பார்த்தாள். முத்துப்பேச்சி சக்கர நாற்காலியில் கால் நீட்டி இருந்தாள். பின்னால் கோயில்பிள்ளை, நாற்காலியின் பிடியை இறுகப் பற்றி, கண்ணை மூடி நின்றார்.

அன்னபாக்கியம் தட்டை உயர்த்தினாள். முதலில் மங்கல் மட்டுமே தெரிந்தது. சற்றுச் சாய்த்தாள்.

வட்டம் இருந்தது. மற்றவற்றைவிடச் சிறியது, ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். ஆனால் தெளிந்த வட்டம். உள்ளே ஒரு புள்ளியும் இல்லை.

"பெரியப்பா" என்று முத்துப்பேச்சி திரும்பாமலே சொன்னாள், "கண்ணத் தொறங்க."

*

அச்சு இயந்திரம் ஐந்தாம் மருந்தின் முதல் மாத்திரைகளைச் செய்து தட்டில் தள்ளியது. இளமஞ்சள் நிறம், வேப்பம்பழ அளவு. அன்னபாக்கியம் அவற்றை மேசையின் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்து ஊர் மருந்தாளுநர் அவளுக்கு அருகே கையெழுத்துப் போடக் காத்திருந்தார்.

"சொல்லு பேச்சி."

முத்துப்பேச்சி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இது அஞ்சாம் மருந்து. என் குதிகால் எலும்புக்கு. எலும்புப் புண்ணுன்னா எல்லாருக்கும் இருபத்தெட்டு நாள். என் வட்டம் சின்னதுங்கிறதால எனக்கு நாப்பத்திரண்டு. ஒரு நாளைக்கு நாலு. தண்ணியோடதான், காப்பியோட இல்ல." பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. "வலி போனாலும் நிறுத்த மாட்டேன். மிச்சம் வைக்க மாட்டேன். ஒண்ணு விட்டாலும் ஒங்ககிட்ட வந்து சொல்லுவேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும் குடுக்க மாட்டேன், எவ்வளவு அழுதாலும்."

"எதுக்கு?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் ஒன்று உண்டு. கிருமி மீண்டும் கற்றுக்கொள்ளாமல் இருக்க, என்று சொன்னால் போதும். முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். தர்மராசு, அவர் மனைவி, தெருக்காரர்கள், பேர் தெரியாதவர்கள்.

"இவிய எல்லாரும் சாப்பிடாம எனக்கு வச்சிருந்தது" என்றாள்.

அன்னபாக்கியத்துக்கு அதைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சொன்னது போலவே எழுதினாள். பக்கத்து ஊர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மாத்திரையைப் போட உறை எடுத்தபோது, கோயில்பிள்ளை முன்னால் வந்தார். ஒரு கையில் தம்ளர். அதை எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்துக் காட்டினார். "வெறும் தண்ணி." இன்னொரு கையில் நீல டப்பா. கழுவித் துடைத்து, வெயிலில் காய வைத்திருந்தார்.

"இதுல போட்டுக் குடு, பாக்கியம்மா."

அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு புள்ளி கீறிய திங்கள், இரண்டு புள்ளி கீறிய செவ்வாய். ஒவ்வொன்றையும் திறந்து நான்கு நான்காகப் போட்டாள். ஏழு புள்ளி கீறிய கடைசி அறை மட்டும் கழுவிக் காய்ந்த பின்பும் இறுகியிருந்தது. ஒன்பது ஆண்டுகள் அந்த நான்கும் இருந்த அறை அதுதான் போலும். நகத்தைக் கொடுத்து நெம்பினாள். டக் என்ற சின்னச் சத்தத்தோடு மூடி திறந்தது. அதற்குள்ளும் நான்கு மாத்திரைகளை, முதல் வாரத்தின் இருபத்தெட்டில் கடைசி நான்கை, எண்ணி வைத்தாள்.